மேயருக்கு மட்டும் பச்சை

போன மாதம் எங்கள் ஹெல்மன்பாக்கில், தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் போகிற புதுத் தெருவுக்கு ஆதாம் வைகாண்டின் பெயரை வைத்தார்கள். பித்தளை வாத்தியம், பாதிரியார் பேச்சு, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வுர்ஸ்ட் தொத்திறைச்சி. 'நேர்மையின் மறு உருவம்' என்று ஒருவர் பேசினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினேன். வீட்டுக்கு வந்தபிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தத் தெருவுக்கு வைத்திருக்க வேண்டிய பெயர் வேறு. ஏபர்ஹார்ட் லோட்ஸ். வக்கீல், டாக்டர் பட்டம் வாங்கியவர், இந்த ஊருக்கு இரண்டு தடவை மேயராக இருந்தவர். இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் அவர் பெயரைச் சொன்னால் 'அந்த நாஜி மேயரா?' என்று கேட்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் வேறு பேச்சுக்கு மாறிவிடுகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் நகராட்சியில் தட்டச்சுப் பெண்ணாகச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம். பதினெட்டு வயது. முதல் வாரமே வாங்கிக் கட்டிக்கொண்டேன். மேயர் மேசை ஓரத்தில் ஒரு பச்சைப் பென்சில் துண்டு கிடந்தது. அதை எடுத்து, ரொட்டிக் கடைக்கு அனுப்ப வேண்டிய பட்டியலில் 'பன் பன்னிரண்டு' என்று எழுதிவிட்டேன். தலைமை எழுத்தர் வைகாண்ட் பார்த்துவிட்டார்.

"ஹெர்டா! என்ன காரியம் பண்றீங்க? அது மேயர் பென்சில்!"

"பென்சில்தானே சார்..."

"பென்சில்தானேவா? நாளைக்கு ராஜா கிரீடத்தைத் தொப்பிதானேம்பீங்க போலிருக்கே!"

சத்தம் கேட்டு லோட்ஸ் உள்ளே இருந்து வந்தார். குள்ளம், கட்டை மீசை, இடது கையை எப்போதும் இடுப்பில் வைத்துக்கொண்டிருப்பார். முதல் போரில் பாய்ந்த குண்டுச் சில்லு அவர் சிறுநீரகம் ஒன்றைக் கெடுத்துவிட்டிருந்தது. பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

"என்ன வைகாண்ட், பன்னுக்கு நான் உத்தரவு போட்டுட்டேனா?"

"பச்சைல இருக்குங்களே. போட்ட மாதிரிதான்."

"அப்போ போட்டதாவே இருக்கட்டும்" என்று அடியில் ஒரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். ரொட்டிக்காரர் பன்னோடு பில்லையும் நகராட்சி பெயருக்கே அனுப்பினார். ஊரே சிரித்தது. ஆனால் யாரும் 'யார் எழுதினது?' என்று கேட்கவில்லை, பார்த்தீர்களா? எங்கள் ஆபீஸ்களில் அப்படித்தான். பச்சை மேயருக்கு. சிவப்பு தலைமை எழுத்தருக்கு. நீலம் பிரிவுக்காரர்களுக்கு. எங்களைப் போன்றவர்களுக்குக் கருப்பு. ஒரு காகிதத்தில் பச்சையில் ஒரு கீற்று இருந்தால் அது மேயரின் சம்மதம், அவ்வளவுதான். கையெழுத்துகூட வேண்டியதில்லை.

லோட்ஸ் செங்கல் சூளை மேஸ்திரியின் மகன். கஷ்டப்பட்டுச் சட்டம் படித்தவர். பேரரசர் கைசர் காலத்தில் கைசர் பெயரில் பதவிச் சத்தியம் செய்தார். கைசர் ஓடிப்போனார், குடியரசு வந்தது, அரசியல் சட்டத்தின் மேல் சத்தியம் செய்தார். பிறகு ஹிட்லர் பெயரில். கடைசியில் அமெரிக்கர்கள் வந்தபோது அவர்கள் கொடுத்த கேள்வித்தாளில் நூற்றுச் சொச்சம் கேள்விக்குப் பதில் எழுதி, அடியில் 'இது உண்மை' என்று இன்னொன்று. "கையைத் தூக்கித் தூக்கியே எனக்குத் தோள்பட்டை தேஞ்சுபோச்சு" என்பார். வாயைத் திறந்தால் சட்டம்தான். வந்த கடித உறைகளைப் பிரித்து, உட்பக்கத்தில் குறிப்பு எழுதுகிற அளவுக்குக் கஞ்சம். ஆனால் கஞ்சத்தனம் நகராட்சிப் பணத்தில்தான். சொந்தப் பணத்தில் எங்கள் எல்லாருக்கும் கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு வாத்து.

வைகாண்டோடு அவருக்கு ஒட்டுறவு அதிகம். வியாழக்கிழமை சாயங்காலம் சிங்கம் விடுதியில் மருந்துக்கடைக்காரரையும் சேர்த்து மூன்று பேரும் சீட்டு. வைகாண்டின் மகளுக்கு லோட்ஸ்தான் ஞானத் தகப்பன். அன்றைக்கு இருவரும் கை கோத்து மது குடித்து 'நீங்க' போய் 'நீ' வந்தது. எங்கள் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. ஒரு தடவை 'நீ' என்றால் சாகிறவரைக்கும் 'நீ'.

முப்பத்து மூன்றில் பழுப்புச் சட்டை நாஜிகள் ஆட்சிக்கு வந்தபோது மருந்துக்கடைக்காரர், "விட்டுட்டு வந்துடுங்களேன் டாக்டர், வக்கீல் தொழில் இருக்கே" என்றார்.

"நான் எழுந்தா அந்த நாற்காலியில யாரு உக்காருவான்? கட்சிக்காரன், சாராயக்கடை பெக் உக்காருவான். பரவாயில்லையா?"

அந்த வருஷம் ஜெர்மனி முழுக்க எத்தனை பேர் இதே வாக்கியத்தைச் சொன்னார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நான் இங்கே புனிதர் கதை எழுதவில்லை. லோட்ஸ் அவர்கள் கொடியை ஏற்றினார். சந்தைத் திடலுக்கு அவர்கள் தலைவன் பெயரை வைத்தார், அந்த உத்தரவை நான்தான் தட்டச்சு செய்தேன். இருந்தாலும் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மனசுக்கு ஒவ்வாத காகிதம் வந்தால் ஓரத்தில் பச்சையில் 'எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?' என்று எழுதி மாவட்டத்துக்கே திருப்பி அனுப்புவார். அவர்கள் பதில் அனுப்ப இரண்டு மாதம். அதற்கு மறுபடி ஒரு கேள்வி. இப்படியே எத்தனையோ காகிதத்தைத் தூங்க வைத்திருக்கிறார்.

முப்பத்து நாலில் வைகாண்டுக்கு வாயில் சனி. சிங்கம் விடுதியில் சீட்டு ஆடும்போது, "இப்பல்லாம் கோழிகூட ஹிட்லர் வணக்கம் மாதிரி வலது காலைத் தூக்கிட்டுதான் முட்டை போடுதாம்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். பக்கத்து மேசைக்காரன் போய்ப் போட்டுக்கொடுத்துவிட்டான். மறுநாள் காலையில் தோல் கோட்டு போட்ட ரகசியப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் நகராட்சிக்கு வந்தார்கள். லோட்ஸ் அசரவில்லை. 'குறிப்பிட்ட மாலையில் தலைமை எழுத்தர் இரவு பத்து மணிவரை என்னோடு தண்ணீர் வரிப் பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தார்' என்று என்னைத் தட்டச்சு செய்யச் சொல்லி, பச்சையில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். பச்சைப் பொய்! அவரே அந்த மேசையில் உட்கார்ந்து அந்தக் கோழிக்குச் சிரித்தவர். வந்தவர்கள் காகிதத்தைப் பார்த்தார்கள், மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வைகாண்ட் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஏபர்ஹார்ட், உனக்கு என் உசிரையே குடுத்தாலும் தகும்."

"உன் உசிரை வெச்சு நான் என்ன பண்ண? அடுத்த தடவை வாயைப் பூட்டிட்டு சீட்டை ஆடு. போன வாரம் உன்னாலதான் தோத்தேன்."

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். முப்பத்தைந்து ஜூலை. சிறுநீரகத்துக்காக லோட்ஸ் வருஷா வருஷம் வில்டுங்கன் ஊற்றுத் தண்ணீர் குடிக்கப் போவார். அந்த வருஷமும் மூன்று வாரம் போயிருந்தார். பொறுப்பு வைகாண்டிடம்.

மாவட்ட சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு அச்சுப் படிவம் வந்தது. சலவைக்கார எலீஸ் நோலின் மகள் மின்னாவைப் பற்றி. இருபது வயதுப் பெண். பேச்சு மெதுவாக வரும், கணக்கு வராது. ஆனால் ஊரில் எந்த விரிப்பு யார் வீட்டினுடையது என்று தையலைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவளுக்குப் பிள்ளை பிறக்காதபடி அறுவை செய்ய வேண்டுமாம். நகராட்சியின் கருத்து என்ன என்று ஒரு கட்டம். இதே மாதிரி முன்னால் வந்த இரண்டு படிவத்தை லோட்ஸ் 'எந்தப் பிரிவு?' போட்டுத் தூங்க வைத்திருந்தார். இதற்கு மாவட்டத்திலிருந்து ஒரே நாளில் மூன்று தடவை தொலைபேசி. மூன்றாவது தடவை வைகாண்டுக்குக் காது வரைக்கும் வியர்த்துவிட்டது.

படிவத்தை என் இயந்திரத்தில் சொருகி, "ஆட்சேபம் இல்லைன்னு அடிங்க" என்றார்.

"டாக்டர் வரட்டுமே. பத்து நாள்தானே?"

"அடிங்கன்னா அடிங்க."

அடித்தேன். அடித்தவள் நான்தான், அதை மறைக்கவில்லை. வைகாண்ட் காகிதத்தை எடுத்துக்கொண்டு சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். கீழே வைத்தார். மேயர் அறைக்குள் போனார். இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் பச்சை. கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கீற்று, தேதி. முடிந்தது.

"சார், அது..."

"பச்சைன்னா ஆபீஸ், ஹெர்டா. ஆபீஸ் லீவுல போகாது."

படிவத்தைப் பதிவேட்டில்கூட ஏற்றாமல் அன்றைய தபாலிலேயே அனுப்பிவிட்டார். செப்டம்பரில் மின்னாவைக் காரில் காஸெல் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெளியே பேசினால் சிறை என்று தாயிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மின்னா திரும்பி வந்தாள், ஆனால் அதற்கப்புறம் அவளால் துணிக்கூடையைத் தூக்க முடியவில்லை. எலீஸ் நோல் ஒரு வார்த்தை பேசாமல் மேயர் வீட்டுத் துணியை வெளுப்பதை நிறுத்திக்கொண்டாள்.

"திருமதி நோல் ஏன் நம்ம வீட்டுப் பக்கமே வர்றதில்லை?" என்று லோட்ஸ் ஒரு நாள் ஆபீஸில் கேட்டார்.

"வேலை ஜாஸ்தியாம்" என்றார் வைகாண்ட். நான் இயந்திரத்தில் நாடா மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றிக்கொண்டே இருந்தேன்.

மறு வருஷம் லோட்ஸின் பதவி போயிற்று. ஊர் எல்லையில் 'யூதர்களுக்கு இங்கே இடமில்லை' என்று பலகை வைக்கச் சொல்லி உத்தரவு. அவர் வழக்கம்போல 'எந்தச் சட்டம்?' என்று கேட்டு ஏழு மாதம் ஓட்டினார். எட்டாவது மாதம் அவரையே ஓட்டிவிட்டார்கள். சாராயக்கடை பெக் நாற்காலியில் உட்கார்ந்தான், பலகையும் வந்தது. லோட்ஸ் வீட்டு முன்னறையில் வக்கீல் பலகை மாட்டிக்கொண்டு கோழி, வேலித் தகராறு பார்த்தார். வைகாண்ட் நகராட்சியிலேயே இருந்தார். கட்சியில் சேரவில்லை, கட்சியைப் பகைக்கவும் இல்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அந்த வருஷங்களின் காகிதத்தில் சிவப்புப் பென்சில் பட்டது ஒன்றைத் தேடி எடுத்துவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

நான் முப்பத்தெட்டில் கல்யாணம் செய்துகொண்டு வேலையை விட்டேன். ஆண்களையெல்லாம் போருக்கு வாரிக்கொண்டு போனபோது மறுபடி கூப்பிட்டார்கள், வந்தேன். நாற்பத்து நாலில் என் வீட்டுக்காரர் ரஷ்யாவில் காணாமல் போனார். கையில் இரண்டு பெண் குழந்தைகள்.

நாற்பத்தைந்து ஏப்ரலில் அமெரிக்க ஜீப் வந்தது. மேயராக யாரை வைக்கலாம் என்று பாதிரியாரைக் கேட்டார்கள், அவர் லோட்ஸைக் காட்டினார். பிடிவாதக்காரர், ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அதே கோட்டைப் போட்டுக்கொண்டு அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பழைய ஊழியர்கள் ஒருவரையும் விடாமல் அனுப்பிவிட வேண்டும் என்று ஜீப்பில் வந்த காப்டன் ஒற்றைக் காலில் நின்றான். லோட்ஸ் குறுக்கே நின்றார்.

"வைகாண்ட் இல்லேன்னா எந்தக் காகிதம் எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது. அவன் கட்சிக்காரன் இல்ல. அவன் சுத்தம். நான் உத்தரவாதம்."

அந்த உத்தரவாதத்தையும் பச்சையில்தான் எழுதினார். என்னையும் அப்படித்தான் காப்பாற்றி வைத்தார். அடுத்த குளிர்காலத்தில் எங்கள் ஊரில் யாரும் பசியில் சாகவில்லை என்றால் அது அந்த மனுஷன் ஒவ்வொரு பண்ணையாகப் போய் உருளைக்கிழங்குக்குச் சண்டை போட்டதால்தான்.

நாற்பத்தாறில் நாஜி காலத்துக் குற்றங்களை விசாரிக்க ஊர்க்காரர்களையே வைத்து நடுவர் மன்றம் அமைத்தார்கள். எலீஸ் நோல் போய் மகளுக்கு நியாயம் கேட்டாள். மாவட்ட அலுவலகத்துக் கட்டுகளைத் தோண்டி அந்தப் படிவத்தை எடுத்துவிட்டார்கள். ஆட்சேபம் இல்லை. பச்சைக் கீற்று. தேதி. லோட்ஸுக்குக் குற்றப் பத்திரிகை போயிற்று. விசாரணை முடியும்வரை பதவியில் இருக்கக் கூடாது. பொறுப்பு மேயர் யார் என்கிறீர்கள்? வேறு யார்.

அன்றைக்கே நான் வைகாண்ட் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஜூலைல அவர் ஊர்லயே இல்ல. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவசரமே இல்லை. "உங்க வீட்டுக்காரர் காணாமப் போய் எத்தனை வருஷமாச்சு, ஹெர்டா?"

"ரெண்டு."

"குழந்தைங்களுக்குக் குளிர்கோட்டு இருக்கா? பெரியவளுக்கு இருமல்னு கேள்விப்பட்டேன். இந்தக் குளிர்ல வேலை இல்லாம இருக்கறது ரொம்பக் கஷ்டம். அந்தப் படிவத்தை யார் அடிச்சாங்கன்னு ஒரு கேள்வி வந்துச்சுன்னா உங்களை நான் எப்படி வெச்சுக்க முடியும், சொல்லுங்க. லோட்ஸ் வக்கீல். தன்னைப் பார்த்துக்கத் தெரியும்."

குழைந்து, இனிப்பாய்ப் பேசினார். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் அறையலாம் போல் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அறையவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். வைகாண்ட் பேசினால் பேசட்டும், லோட்ஸே 'நான் வில்டுங்கனில் இருந்தேன்' என்று சொல்லிவிடுவார், அதோடு விஷயம் முடிந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நவம்பரில் விசாரணை. நீதிமன்றக் கட்டடத்துக்குக் கூரை இல்லாததால் சிங்கம் விடுதிக் கூடத்தில் வைத்தார்கள். நடுவர் தலைவர் கடிகாரம் பழுது பார்க்கிறவர், கூட ஒரு ரயில்வேக்காரர், ஒரு ரொட்டிக்காரர். ஊர் மொத்தமும் உள்ளே இருந்தது. அடுப்புக்கு விறகு இல்லை, எல்லாரும் கோட்டோடு உட்கார்ந்திருந்தோம்.

எலீஸ் நோலைக் கூப்பிட்டார்கள். சலவைச் சோடாவில் வெந்து சிவந்த கையை மேசையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். நடுவரைப் பார்க்கவே இல்லை, லோட்ஸைத்தான் பார்த்தாள்.

"ஒன்பது வருஷம் உன் சட்டையை வெளுத்தேன். உன் பொண்டாட்டி கண்ணாலத்துல கட்டின துணியைக்கூட நான்தான் கஞ்சி போட்டுக் குடுத்தேன். என் பொண்ணு உனக்கு என்னடா பண்ணினா?"

லோட்ஸ் எழுந்து நின்றுகொண்டே அதைக் கேட்டார். அவர் முகம் சாம்பலாக இருந்தது.

அடுத்து சாட்சி வைகாண்ட்.

"நகராட்சியில பச்சைப் பென்சில் யாருக்கு?" என்று நடுவர் கேட்டார்.

"மேயருக்கு மட்டும்."

"வேற யாராவது எப்பவாவது?"

"விதி மீறினதே இல்லீங்க." பிறகு லோட்ஸ் பக்கம் திரும்பி, வருத்தம் நிறைந்த முகத்தோடு, "இதைச் சொல்ல வேண்டி வந்ததுக்கு மன்னிச்சுக்குங்க, ஹெர் டாக்டர் லோட்ஸ்" என்றார். ஹெர் டாக்டர் லோட்ஸ்! மன்னிச்சுக்குங்க! 'நீ' எங்கே போயிற்று? கூட இருந்தே குழி பறித்துவிட்டு, குழிக்குள் விழுந்தவனுக்கு மரியாதை வேறு. எனக்குப் பின்னால் யாரோ ஒரு பெண், "பாவம் வைகாண்ட், அவருக்கு எவ்ளோ கஷ்டம்" என்றாள்.

"நீங்க என்ன சொல்றீங்க, டாக்டர் லோட்ஸ்? இந்தப் பச்சை உங்களுதா?"

நான் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டேன். சொல்லும் மனுஷா. ஜூலை பன்னிரண்டாம் தேதி எங்கே இருந்தீர்? சொல்லும்!

"பச்சை என்னுது. இழுப்பறை என்னுது. அதுக்குச் சாவியும் என்கிட்டதான் இருந்திருக்கணும்" என்றார் லோட்ஸ். உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். தலைக்கு வயதாகிவிட்டது, வில்டுங்கன் போனதையே மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அல்லது அவருக்கே பச்சைதான் தெய்வம், அதைப் பார்த்ததும் தன் ஞாபகத்தையே நம்பவில்லை என்று நினைத்தேன். நடுவர் கூட்டத்தைப் பார்த்து, "இதைப் பத்தி வேற யாருக்காவது எதாவது தெரியுமா? தெரிஞ்சா இப்பவே சொல்லலாம்" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

அரைக் குற்றவாளி என்று தீர்ப்பு. இரண்டரை வருஷத்துக்குப் பதவி வகிக்கக் கூடாது, வக்கீல் தொழில் செய்யக் கூடாது, கூலி வேலை மட்டும். அறுபத்து நாலு வயதில் லோட்ஸ் எடர் ஆற்றோரத்து மர அறுவை ஆலையில் பலகை அடுக்கப் போனார். ஒரு சிறுநீரகத்தோடு. தெருவில் எலீஸ் நோல் எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டுப் போவாள். அவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வார். மருந்துக்கடைக்காரர் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டு வியாழக்கிழமைச் சீட்டைத் தொடர்ந்தார். நாற்பத்தெட்டில் நகர மன்றம் வைகாண்டை ஏகமனதாக மேயராக்கியது. பச்சைப் பென்சில் முறைப்படியே அவர் கைக்கு வந்தது.

நாற்பத்தொன்பது வசந்தத்தில் நடுவர் மன்றங்களை மூடப்போகிறார்கள் என்று சுற்றறிக்கை. மறுவிசாரணை கேட்கிறவர்கள் ஒரு திங்கட்கிழமை நண்பகலுக்குள் மாவட்ட ஊரில் மனு கொடுக்க வேண்டும். அதோடு கதவு அடைபடும், தீர்ப்பு தீர்ப்பாகவே நிற்கும். அந்தச் சுற்றறிக்கையை நான்தான் பலகையில் குத்தினேன். வீட்டுக்குப் போய் ஒரு முழுத்தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். தேதி, தொலைபேசி, இழுப்பறை, பச்சை, நான் அடித்தது. கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஆலைக்குப் போனேன். லோட்ஸ் பலகைக் குவியல் மேல் உட்கார்ந்து கத்தியால் ரொட்டியும் வுர்ஸ்டும் அறுத்துத் தின்றுகொண்டிருந்தார். பாதியாக இளைத்திருந்தார். கோட்டெல்லாம் மரத்தூள்.

"அடடே, ஹெர்டா! பலகை வாங்க வந்தீங்களா? பைன் மரம் வேண்டாம், ஈரமா இருக்கு."

நான் தாளை நீட்டினேன். கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, வக்கீல் படிக்கிறாற்போல ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"தேதி சரியா இருக்கு" என்றார்.

"உங்களுக்கு ஞாபகம் வந்துடுச்சா டாக்டர்? நீங்க அன்னைக்கு வில்டுங்கன்ல இருந்தீங்க!"

"ஞாபகம் எப்பவும் இருந்துச்சு. குற்றப் பத்திரிகை வந்த அன்னைக்கே விடுதிக்காரன் குடுத்த ரசீதைத் தேடி எடுத்துட்டேன். ஜூலை ரெண்டுலேருந்து இருபத்திரெண்டு வரைக்கும். விசாரணை அன்னைக்கு என் சட்டைப் பையில இருந்துச்சு."

எனக்கு எதுவும் புரியவில்லை. "அப்புறம் ஏன்... ஏன் காட்டல?"

"காட்டினா அடுத்த கேள்வி என்ன? அப்போ படிவத்தை அடிச்சது யாரு? முப்பத்தஞ்சுல நம்ம ஆபீஸ்ல ஒரே ஒரு இயந்திரம், அதுக்கு முன்னால ஒரே ஒரு பொண்ணு. வைகாண்ட் அப்பவே உங்களைக் கை காட்டியிருப்பான். ரெண்டு குழந்தையோட சாயங்காலமே தெருவுல நின்னிருப்பீங்க." ரொட்டித் துண்டைத் தாளில் மடித்தார். "ஆதாம் பேசமாட்டான்னு எனக்குத் தெரியும். அவனை முப்பது வருஷமாத் தெரியும். நான் அவனை எதிர்பார்க்கல. உங்களைத்தான் எதிர்பார்த்தேன். நானா உங்களைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, நீங்களா எழுந்து சொன்னா அவங்களால உங்களை ஒண்ணும் பண்ண முடியாது, உண்மை சொன்னவளைத் தள்ளினா ஊர் சிரிக்கும்னு கணக்குப் போட்டேன். நடுவர் கேட்டப்போ உங்க பக்கம் மூணு தடவை திரும்பிப் பார்த்தேன். நீங்க கையுறையைக் கீழ போட்டுட்டு, எடுக்கக் குனிஞ்சீங்க. ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்தீங்க."

நான் அழுதேன். வாய்விட்டே அழுதேன். ரம்பம் ஓடாத நேரம், ஆலைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சமாதானம் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எலீஸ் நோல் என்னைப் பார்த்துத் துப்பறாளே, அது தப்பில்ல. என் இழுப்பறையைப் பூட்டாம போனேன், அவ பொண்ணோட வாழ்க்கை போச்சு. ஆனா யாரு பண்ணினதுன்னு அவளுக்குத் தெரியணுமில்ல? தெரியாமலே செத்துப்போயிடுவா" என்றார். தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இதை நான் எடுத்துட்டுப் போக முடியாது. நான் போனா, வேலைக்காரப் பொண்ணை மிரட்டி எழுதி வாங்கினான்னு வைகாண்ட் சொல்லுவான். நீங்க போகணும். உங்க கால்ல நடந்து, உங்க கையால குடுக்கணும். திங்கள்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் இருக்கு."

"போறேன்" என்றேன். "சத்தியமா போறேன், டாக்டர்."

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மறுநாளைக்கு ஒத்திகை மாதிரி. மாவட்ட ஊருக்குப் பஸ் பத்தேகாலுக்கு, அதை விட்டால் மத்தியானம்தான். போய் மனுவைக் கொடுக்க இருபது நிமிஷம் போதும்.

திங்கட்கிழமை காலையில் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போனேன், அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வரலாம் என்று. பத்து மணிக்கு வைகாண்ட் உள்ளே கூப்பிட்டார். ஆலைச் சேதி அவர் காதுக்கு எட்டாமல் இருக்குமா? எங்கள் ஊர் அவ்வளவு சின்னது. ஆனால் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேசைமேல் முத்திரை வைத்த ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"உட்காருங்க, ஹெர்டா. நிரந்தர உத்தரவு. ஆயுசுக்கும் வேலை, அப்புறம் ஓய்வூதியம், குழந்தைங்களுக்குப் படிப்புச் சலுகை. நேத்து ராத்திரியே எழுதிட்டேன். என் கீற்று மட்டும்தான் பாக்கி. இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குப் போடலாம்னு இருக்கேன். அது வரைக்கும் இங்கேயே உட்காருங்க, காப்பி வரச் சொல்றேன். அசல் காப்பி."

ஜன்னலுக்கு வெளியே பத்தேகால் பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, சக்கரத்தை உதைத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார். பெரியவளின் இருமல் அந்த வருஷம் நெஞ்சுக்கு இறங்கியிருந்தது. மலைக்காற்று வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அல்லது சொல்கிறேனோ என்னவோ. காப்பி வந்தது. எட்டு வருஷத்துக்குப் பிறகு அசல் காப்பி. குடித்தேன்.

பன்னிரண்டு மணிக்குக் கோவில் மணி அடித்து ஓயும்வரை வைகாண்ட் காத்திருந்தார். பிறகு கீற்றுப் போட்டு, ஈரம் ஒன்றும் இல்லாத அந்தக் காகிதத்தை ஊதி, என்னிடம் நீட்டினார்.

நான் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "ரொம்ப நன்றிங்க, மேயர் ஐயா" என்றேன்.